பழுதான பழைய ப்ரீசர்: வாங்கலாமா, விட்டுவிடலாமா?



இட்லி மாவு வியாபாரம் இன்று நகரத்துக் கடைகளோடு நின்றுவிடவில்லை. திருநாவலூரிலும் சுற்றுப்பட்ட கிராமங்களிலும், உளுந்தூர்பேட்டை, பண்ருட்டி சாலைகளின் ஓரங்களிலும் உள்ள சிறு மளிகைக் கடைகளில்கூட மாவு பாக்கெட்டைக் கேட்டு வாங்கிப் போகிறார்கள். நம்மிடம் மூட்டையாக இட்லி அரிசியும் உளுந்தும் எடுக்கும் சில்லறை வியாபாரிகளில் பலர், தாங்களே கிரைண்டர் போட்டு அரைத்து விற்கத் தொடங்கியிருக்கிறார்கள். அரைப்பது கடினமல்ல. அரைத்த மாவைக் காப்பாற்றுவதுதான் கடினம். சித்திரை வெயிலில் காலையில் அரைத்த மாவு மாலைக்குள் பொங்கிப் புளித்துவிடுகிறது. மறுநாள் அதை யாரும் வாங்கமாட்டார்கள்.

ஆகவே குளிர்ப்பெட்டி வேண்டும். புதிய பெட்டிக்கு முதல் போதாது. இந்த நேரத்தில்தான் யாராவது ஒருவர் வந்து, "ஒரு ஐஸ்கிரீம் கடையை எடுத்துவிட்டார்கள். டீப் ப்ரீசர் ஒன்று கிடக்கிறது. சின்ன ரிப்பேர்தான். நாலாயிரத்துக்கு முடித்துத் தருகிறேன்" என்கிறார். இதை வாங்கலாமா என்று நம்மிடம் கேட்பவர்கள் அதிகமாகிவிட்டதால், பொதுவில் எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறோம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். பழுதான ப்ரீசரை வாங்குகிறவர் இயந்திரத்தை வாங்கவில்லை. குளிர் தாங்கும் ஒரு பெட்டியையும், அதோடு ஒரு பழுதையும் சேர்த்து வாங்குகிறார். அந்தப் பழுது பெட்டிக்கு வெளியே இருந்தால் வாங்கலாம். பெட்டியின் சுவருக்குள் இருந்தால் இனாமாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. மற்றதெல்லாம் இதன் விளக்கமே.

மாவுக்கு வேண்டிய குளிர் எவ்வளவு?

டீப் ப்ரீசர் பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி வரை போகும்படி செய்யப்பட்டது. ஐஸ்கிரீமுக்கும் உறைந்த மீனுக்கும் அது வேண்டும். மாவுக்கு அது வேண்டாம். மாவு உறைந்தால் நீர் பிரிந்து, இட்லி சரியாக எழும்பாது. மாவைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் 30 டிகிரி வெப்பத்தில் சுறுசுறுப்பாக வேலை செய்கின்றன. 4, 5 டிகிரிக்கு இறக்கினால் அவை சாவதில்லை, ஆனால் வேலை மிகவும் மந்தமாகிவிடும். நமக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ப்ரீசரில் உள்ள தெர்மோஸ்டாட் இந்த 4 டிகிரியில் நிறுத்தாது. அதற்கு ஒரு வழி உண்டு. டிஜிட்டல் டெம்பரேச்சர் கண்ட்ரோலர் என்ற சிறு கருவி எலெக்ட்ரிகல் கடைகளிலும் ப்ரிட்ஜ் உதிரிபாகக் கடைகளிலும் கிடைக்கிறது. ப்ரீசரின் பிளக்கை அதில் செருகி, அதன் உணர்கருவி ஒயரைப் பெட்டிக்குள் விட்டால், நாம் வைக்கும் அளவு வந்ததும் மின்சாரத்தை நிறுத்தும். சூடு ஏறினால் மறுபடி கொடுக்கும்.

இது புதிய யோசனை அல்ல. அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பீர் தயாரிக்க 1978-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுத்தது. அங்கே அதைப் பொழுதுபோக்காகச் செய்கிறவர்கள் பழைய ப்ரீசரை மலிவாக வாங்கி, இதே கருவியை மாட்டி, புளிக்கும் பானத்தை ஒரே வெப்பத்தில் வைத்துக்கொள்கிறார்கள். குளிர் இயந்திரத்துக்கும் பீருக்கும் உறவு பழையது. ஜெர்மனியில் கார்ல் வான் லிண்டே 1870-களில் தம் குளிர் இயந்திரங்களை முதலில் பீர் ஆலைகளுக்காகத்தான் செய்தார். நம் மாநிலத்தில் வீட்டில் மது காய்ச்சுவது 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்ததை நம் மாவட்டத்தார் யாரும் மறக்க முடியாது. ஆகவே அவர்கள் காய்ச்சுவது நமக்கு வேண்டாம். பெட்டியை அவர்கள் பயன்படுத்தும் முறையை மட்டும் எடுத்துக்கொள்வோம். புளிப்பை அடக்கி வைக்கும் வேலை இரண்டுக்கும் ஒன்றுதான்.

இந்த முறையில் நமக்கு ஒரு பெரிய சௌகரியம் இருக்கிறது. தெர்மோஸ்டாட் கெட்டுப்போன ப்ரீசர் மற்றவர்களுக்குப் பழுதான சரக்கு. நமக்கு அது பழுதே அல்ல. எப்படியும் நாம் வெளியிலிருந்துதான் கட்டுப்படுத்தப் போகிறோம்.

என்ன பழுது என்று எப்படி அறிவது?

மாடு வாங்கப் போகிறவர் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் வாங்குவதில்லை. ப்ரீசருக்கும் பல் உண்டு. தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலி வீண் செலவல்ல. விற்பவர் கொண்டுவரும் மெக்கானிக்கை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். பழுதுகளை நான்காகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதலாவது, சத்தமே இல்லாதது. பிளக்கைச் செருகினால் எந்த அசைவும் இல்லை. ஒயர் அறுந்திருக்கலாம், தெர்மோஸ்டாட் போயிருக்கலாம், கம்ப்ரசரின் பக்கத்தில் இருக்கும் ரிலேயோ ஓவர்லோடோ எரிந்திருக்கலாம். இவை எல்லாம் வெளியே மாற்றக்கூடிய சிறு பாகங்கள். கம்ப்ரசரின் காயிலே எரிந்திருந்தால் செலவு பெரிது. இதை மெக்கானிக் மல்டிமீட்டர் வைத்துச் சில நிமிடங்களில் சொல்லிவிடுவார். கம்ப்ரசரில் மூன்று முனைகள் உண்டு. பொது முனையிலிருந்து மற்ற இரண்டுக்கும் தனித்தனியே அளந்தால் வரும் ஓம் கணக்கைக் கூட்டினால், அந்த இரண்டு முனைகளுக்கும் இடையே உள்ள ஓம் கணக்குக்குச் சரியாக வர வேண்டும். வராவிட்டாலோ, எந்த முனைக்கும் கம்ப்ரசரின் இரும்பு உடலுக்கும் தொடர்பு காட்டினாலோ காயில் போய்விட்டது என்று பொருள்.

இரண்டாவது, சில நிமிடத்துக்கு ஒருமுறை "டக்" என்று சத்தம் கேட்டு நின்றுவிடுவது. கம்ப்ரசர் கிளம்ப முயன்று முடியாமல் ஓவர்லோடு அறுத்துவிடுகிறது. காரணம் ரிலேயாக இருக்கலாம், கெப்பாசிட்டர் உள்ள பெட்டியில் கெப்பாசிட்டராக இருக்கலாம், வோல்டேஜ் குறைவாக இருக்கலாம், அல்லது கம்ப்ரசர் உள்ளே இறுகியிருக்கலாம். நல்ல வோல்டேஜ் உள்ள இடத்தில், வேறு ரிலே போட்டு ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஓடினால் நல்லது. ஓடாவிட்டால் புதுக் கம்ப்ரசர் விலையை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

மூன்றாவது, ஓடுகிறது, ஆனால் குளிரவில்லை. இதுதான் வாங்குகிறவரை அதிகமாக ஏமாற்றும் பழுது. "கேஸ் மட்டும் போட்டால் போதும்" என்பார் விற்பவர். இங்கே ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். ப்ரீசரில் உள்ள கேஸ் அடுப்பில் எரியும் கேஸ் போலத் தீர்ந்துபோவதில்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. கேஸ் இல்லை என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்றுதான் பொருள். ஓட்டையை அடைக்காமல் கேஸ் போட்டால் சில வாரத்தில் மறுபடி அதே கதைதான்.

அந்த ஓட்டை கம்ப்ரசர் அருகில் கண்ணுக்குத் தெரியும் குழாயில் இருந்தால் பற்ற வைக்கலாம். ஆனால் மேலே திறக்கும் டீப் ப்ரீசர்களில் குளிர்க்குழாய்கள் சுவருக்குள்ளே, உறைந்த நுரைப் பஞ்சுக்குள் புதைந்திருக்கும். பலவற்றில் சூட்டை வெளியேற்றும் குழாயும் அப்படியே. அங்கே ஓட்டை விழுந்தால் பெட்டியை உடைத்துத்தான் பார்க்க வேண்டும். பெட்டியை உடைத்தபின் பெட்டி ஏது? ஆகவே ஓட்டை வெளியில்தான் இருக்கிறது என்று கண்ணால் காட்டினாலொழிய இந்த வகையை ஒதுக்கிவிடுங்கள்.

நான்காவது, குளிர்கிறது, ஆனால் நிற்காமல் ஓடுகிறது, அல்லது மூடியோரம் பனி கட்டுகிறது. தெர்மோஸ்டாட் அல்லது மூடி ரப்பர் கெட்டிருக்கிறது. மாவு வியாபாரிக்கு இதைவிட நல்ல சரக்கு கிடையாது. ஒரு ரூபாய் நோட்டை மூடியில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். நாலு பக்கமும் பிடித்து இழுத்தால் ரப்பர் நன்றாக இருக்கிறது. சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் ரப்பர் மாற்ற வேண்டும்.

கேஸ் எந்த வகை?

கம்ப்ரசரிலோ பெட்டியின் பின்புறமோ ஒரு தகடு இருக்கும். அதில் கேஸ் வகை எழுதியிருக்கும். ஆர்-12 என்றிருந்தால் மிகப் பழைய பெட்டி. ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது என்பதால் 1987-ஆம் ஆண்டு மாண்ட்ரீல் உடன்படிக்கைப்படி அந்தக் கேஸ் 2010-ல் நம் நாட்டில் கைவிடப்பட்டது. அதற்குப் பதில் வேறு கேஸை அப்படியே ஏற்றிவிட முடியாது. உள்ளே இருக்கும் எண்ணெயும் மெல்லிய கேபிலரி குழாயும் அந்தக் கேஸுக்கு ஏற்றபடி அமைந்தவை. இப்படிப்பட்ட பெட்டியில் கேஸ் போயிருந்தால் விட்டுவிடுங்கள்.

ஆர்-134ஏ என்றிருந்தால் எங்கும் வேலை பார்ப்பார்கள். ஆர்-600ஏ, ஆர்-290 என்றிருந்தால் அவை எரியும் தன்மை உள்ளவை. மின்சாரம் குறைவாக எடுக்கும் நல்ல பெட்டிகள்தான். ஆனால் குழாயில் கேஸ் இருக்கும்போது பற்றவைப்பு நெருப்பைக் கொண்டுபோனால் விபத்து நேரும். அதில் பயிற்சி உள்ள மெக்கானிக் கையில் மட்டும் கொடுங்கள்.

கண்ணால், மூக்கால், கையால் பார்க்க வேண்டியவை

கடலூர், புதுச்சேரி பக்கத்திலிருந்து வரும் பெட்டிகளில் உப்புக்காற்று பட்டுத் துரு ஏறியிருக்கும். அடித்தகட்டைச் சாய்த்துப் பாருங்கள். மீன், கறி வைத்திருந்த பெட்டியில் மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். வாடை சுவர்ப் பஞ்சுக்குள் இறங்கியிருந்தால் எத்தனை முறை கழுவினாலும் போகாது. மாவு அந்த வாடையைப் பிடித்துக்கொள்ளும். சுவர் எங்காவது உப்பியிருந்தாலோ, தட்டினால் ஓரிடத்தில் மட்டும் மெத்தென்று கேட்டாலோ பஞ்சுக்குள் நீர் இறங்கியிருக்கலாம். நனைந்த பஞ்சு குளிரைத் தாங்காது.

ஓடும் பெட்டி என்று சொல்லிக் காட்டினால், போனவுடன் கம்ப்ரசரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே நெடுநேரம் ஓட்டி வைத்திருக்கிறார்கள். நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி உங்கள் முன்னால் ஓடவிடச் சொல்லுங்கள். ஒரு தண்ணீர் பாட்டிலும் ஒரு தெர்மாமீட்டரும் உள்ளே வைத்து இரண்டு மூன்று மணி நேரம் பொறுத்திருங்கள். மெக்கானிக்கிடம் கிளாம்ப் மீட்டர் இருந்தால், எடுக்கும் ஆம்பியர் தகட்டில் எழுதியதை ஒட்டி இருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.

யாருடைய பெட்டி?

குளிர்பான, ஐஸ்கிரீம் கம்பெனிகள் தங்கள் சரக்கு விற்கக் கடைகளுக்குக் கொடுத்து வைக்கும் பெட்டிகள் பல, கம்பெனியின் சொத்தாகவே இருக்கும். கடைக்காரருக்கு அவற்றை விற்க உரிமை கிடையாது. கம்பெனிப் பெயர் ஒட்டிய பெட்டியானால், அவர் விலை கொடுத்து வாங்கிய பில்லைக் கேளுங்கள். இல்லையென்றால் ஒதுங்குங்கள்.

நம் ஊர் சுந்தரர் பிறந்த ஊர். திருமணத்தன்று முதியவர் ஒருவர் வந்து அடிமை ஓலையைக் காட்ட, சுந்தரர் அதைக் கிழித்துவிட்டார். அப்போதும் வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபையில் நின்றதற்குக் காரணம், கிழிந்தது படியோலை, மூல ஓலை முதியவரிடம் பத்திரமாக இருந்தது. இந்தக் கதை கேட்டு வளர்ந்த நாம், நாலாயிரம் ரூபாய்க்கு ஒரு துண்டுச் சீட்டாவது எழுதி வாங்காமல் பெட்டியை வண்டியில் ஏற்றலாமா? விற்பவர் கையெழுத்து, தேதி, மாடல் எண், தொகை நான்கும் அதில் இருக்கட்டும்.

கணக்கு எப்படிப் போடுவது?

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்பார்கள். பெட்டி விலையை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. 300 லிட்டர் அளவுள்ள பெட்டிக்கு மாதிரிக் கணக்கு ஒன்று தருகிறோம். உங்கள் ஊர் விலையை அதில் போட்டுக்கொள்ளுங்கள். புதுப் பெட்டி 25,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

பழுது பெரிதானால்: பெட்டி 4,000, வண்டி வாடகையும் ஏற்றுக்கூலி இறக்குக்கூலியும் 1,700, கம்ப்ரசர், கேஸ், பில்டர், கூலி சேர்த்து 7,500, மூடி ரப்பர் 800, கண்ட்ரோலர் 1,000. ஆக மொத்தம் 15,000. புதுப் பெட்டி விலையில் நூற்றுக்கு அறுபது.

பழுது சிறிதானால்: பெட்டி 4,000, வண்டியும் கூலியும் 1,700, ரிலே 500, ரப்பர் 800, கண்ட்ரோலர் 1,000. ஆக மொத்தம் 8,000. நூற்றுக்கு முப்பத்திரண்டு.

மொத்தச் செலவு புதுப் பெட்டியில் பாதியைத் தாண்டினால் வாங்க வேண்டாம் என்பது நம் கணக்கு. ஏனென்றால் புதுப் பெட்டிக்கு உத்தரவாதம் உண்டு, பழையதற்குக் கிடையாது. ஜி.எஸ்.டி.யில் சாதாரண முறையில் பதிவு செய்தவர்கள், வரி கட்டி விற்கும் தங்கள் வியாபாரத்துக்குப் புதுப் பெட்டியைப் பில்லோடு வாங்கினால் வரியை உள்ளீட்டு வரவாக எடுக்க முடியும். காம்போசிஷன் முறையில் இருப்பவர்களுக்கு அது இல்லை. தனி ஆளிடம் பழைய பெட்டி வாங்கினால் யாருக்குமே இல்லை.

மின்சாரக் கணக்கையும் சேர்க்க வேண்டும். 200 வாட் எடுக்கும் கம்ப்ரசர் நாளில் 12 மணி நேரம் ஓடினால் 2.4 யூனிட். மாதம் 72 யூனிட். வணிக இணைப்பில் யூனிட் 10 ரூபாய் என்று வைத்தால் மாதம் 720 ரூபாய். 4 டிகிரியில் மட்டும் ஓட்டினால் ஓடும் நேரம் நன்றாகக் குறையும். அதனால்தான் மாவுக்குப் பழைய பெட்டி கட்டுப்படியாகிறது. அதையே ஐஸ்கிரீமுக்காகப் பூஜ்யத்துக்குக் கீழே 18-ல் ஓட்டினால், பழைய பெட்டி புதுப் பெட்டியைவிட மாதாமாதம் கூடுதலாக எடுக்கும் மின்சாரம், வாங்கும்போது மிச்சம் பிடித்ததைத் தின்றுவிடும்.

ஒரு பாக்கெட்டுக்கு 5 ரூபாய் நிற்கிறது, நாளைக்கு 20 பாக்கெட் போகிறது என்றால் மாதம் 3,000. மின்சாரத்துக்கு 500 போனால் 2,500. 8,000 ரூபாய் மூன்று மாதத்தைத் தாண்டிச் சில நாளில் திரும்பிவிடும். 15,000 ரூபாய் திரும்ப ஆறு மாதம் ஆகும். அதற்குள் கம்ப்ரசர் மறுபடி நின்றால் முதலும் போகும், ஒரு நாள் மாவும் போகும், வாடிக்கையும் போகும்.

கம்ப்ரசர் போன பெட்டிக்கு வேறு உபயோகம் உண்டா?

உண்டு, சுவரும் மூடியும் நன்றாக இருந்து, பழைய இரும்பு விலைக்குக் கிடைத்தால். அதை ஐஸ் பெட்டியாக வைத்துக்கொள்ளலாம். 1 கிலோ ஐஸ் உருகும்போது 80 கிலோ கலோரி வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். 20 கிலோ மாவை 30 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்கு இறக்கச் சுமார் 5 கிலோ ஐஸ் வேண்டும். சுவர் வழியாக ஒரு நாளில் இறங்கும் வெப்பத்துக்கு இன்னும் 7 கிலோ. மூடியை அடிக்கடி திறப்பதற்கும் சேர்த்து 15 கிலோ வைத்துக்கொள்ளலாம். ஐஸ் பேக்டரி பக்கத்தில் இருக்கிறவர்களுக்கும், வாரச் சந்தைக்கு, திருவிழாவுக்கு மட்டும் கடை போடுகிறவர்களுக்கும் இது ஒத்துவரும். நாள்தோறும் விற்பவருக்கு ஐஸ் செலவு கட்டாது. ஐஸ் தண்ணீர் மாவில் படாதபடி மூடிய பாத்திரத்தில் வைக்க வேண்டும்.

வாங்கியபின் செய்ய வேண்டியவை

வண்டியில் படுக்க வைத்துக் கொண்டுவந்திருந்தால், ஒரு நாள் நிமிர்த்தி வைத்த பிறகே மின்சாரம் கொடுங்கள். கம்ப்ரசர் எண்ணெய் தன் இடத்துக்கு இறங்க வேண்டும்.

சுவரில் ஆணி அடிக்காதீர்கள், துளை போடாதீர்கள். உள்ளே குழாய் இருக்கிறது. கண்ட்ரோலர் ஒயரை மூடி ரப்பரின் கீழாகவே விடலாம். உணர்கருவியைக் காற்றில் தொங்கவிடாமல் ஒரு தண்ணீர் பாட்டிலோடு சேர்த்துக் கட்டுங்கள். இல்லாவிட்டால் மூடியைத் திறக்கும்போதெல்லாம் கம்ப்ரசர் கிளம்பும். 4 டிகிரியில் நிறுத்தி 6-ல் கிளம்பும்படியும், நின்றபின் மூன்று நிமிடமாவது கழித்தே கிளம்பும்படியும் வையுங்கள்.

மாலையில் வோல்டேஜ் இறங்கும் ஊர்களில் ஸ்டெபிலைசர் கட்டாயம். புதுப் பெட்டிக்கும் இது பொருந்தும் என்பதால் மேலே கணக்கில் சேர்க்கவில்லை. கிரைண்டர் போடும் இடம் எப்போதும் ஈரமாக இருக்கும். ஆகவே எர்த் இணைப்பு சரியாக இருக்க வேண்டும். கசிவு மின்சாரத்தை அறுக்கும் 30 மில்லி ஆம்பியர் சுவிட்சும் போட்டுவிடுங்கள். வியாபாரம் உயிரைவிடப் பெரிதல்ல.

மாவைப் பெரிய அண்டாவோடு வைத்தால் நடுவில் குளிர் ஏற நெடுநேரம் ஆகும். அதற்குள் புளித்துவிடும். பாக்கெட்டாகக் கட்டி இடைவெளி விட்டு அடுக்குங்கள். அடியில் சேரும் நீரை நாள்தோறும் துடையுங்கள். உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு இல்லாமல் மாவு விற்க வேண்டாம். பாக்கெட்டில் தேதி போடுவதும் அவசியம்.

கடைசியில் பெட்டி உதவாது என்றானால், குழாயை வெட்டிக் கேஸைக் காற்றில் விடாமல், மின்னணுக் கழிவு எடுக்கப் பதிவு பெற்றவர்களிடம் கொடுங்கள். 2022-ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகளில் குளிர்ப்பெட்டிகளும் அடங்கும்.

விற்பவர் அவசரப்படுத்துவார். "வேறு ஆள் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்" என்பார். போகட்டும். பழைய ப்ரீசருக்குப் பஞ்சம் வராது. சிறு வியாபாரியின் கையில் உள்ள நாலாயிரம் ரூபாய் போய்விட்டால் திரும்பச் சேர்ப்பதுதான் கடினம். பழுது எங்கே என்று தெரியும் வரை பணம் மடியிலேயே இருக்கட்டும்.